அப்பா வேண்டாம் என்கிறார்; நான் அரசியல் அறிவியல் படிக்கலாமா?

கேள்வி: நான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியதால் அறிவியல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் என் மனம் அதில் இல்லை. சென்ற அக்டோபர் 2 அன்று அம்மாவுடன் கிராம சபைக் கூட்டத்துக்குப் போனேன். ஏரிக் கால்வாயைத் தூர்வார வந்த பணம் என்ன ஆனது என்று அம்மா எழுந்து கேட்டார். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அப்படிக் கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டா, இல்லையா? அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்றேன். "அரசியல் படித்துவிட்டுக் கட்சிக் கொடி பிடிக்கப் போகிறாயா?" என்று அப்பா கோபப்பட்டார். "ஐஏஎஸ் ஆவதென்றால் படி" என்கிறார் சித்தப்பா. ஆவேனா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா? எங்கே படிப்பது?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

படி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களையும் எச்சரிக்கைகளையும் பிறகு எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் அரசுக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், "ஏன் இந்தப் பாடத்துக்கு வந்தீர்கள்?" என்று கேட்பேன். "கேட்ட பாடத்தில் இடம் கிடைக்கவில்லை" என்பதுதான் பெரும்பாலும் வந்த பதில். "அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, அதனால் வந்தேன்" என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தால், அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கியிருப்பேன். உனக்கு அப்படியே தொடங்குகிறேன்.

உன் அம்மாவுக்கு முழு உரிமை உண்டு. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவது கிராம சபையின் வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். எனவே உன் அம்மா சலுகை எதையும் கேட்கவில்லை. தனக்குள்ள பொறுப்பைச் செய்தார். பதில் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதுதான் தவறு.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. அந்த ஏரி யாருடையது? நம் மாநிலத்தில் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் இருக்கின்றன. உங்கள் ஏரி இதில் எந்த வகை? பணம் மாநில அரசின் திட்டத்தில் வந்ததா, மத்திய அரசின் திட்டத்திலா? அது ஊராட்சியின் கணக்குக்கே வந்ததா, துறையிலிருந்து ஒப்பந்தக்காரருக்கு நேராகப் போனதா? ஊராட்சித் தலைவர் வாய் திறக்காததற்கு எதையோ மறைப்பது காரணமாக இருக்கலாம். அந்தப் பணம் அவர் கையைத் தொடாமலே போனதும் காரணமாக இருக்கலாம். கோபம் இந்த இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்குத்தான் நீ மூன்று ஆண்டு செலவிடப் போகிறாய்.

உன் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் குடவோலை முறை என்று இரண்டு வரி படித்திருப்பாய். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். தேர்வானவர்களில், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உன் ஊர்ப்பக்கத்தில், ஏரிக்குப் பொறுப்பானவன் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல்முறை அதன் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

மேடைகளில் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கைதட்டல் கிடைத்துவிடும். மாணவி அடுத்த வரியையும் படிக்க வேண்டும். குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம்? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வயலில் இறங்கி உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. உன் அம்மாவின் பெயர் எழுதிய ஓலையும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கான சட்டத் திருத்தம் 2016இல்தான் வந்தது. கணக்குக் கேட்கும் மரபு பழையது, கேட்பவர் யார் என்பது புதியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு இந்தப் பாடம் கைவந்துவிடும்.

மூன்று ஆண்டுகளில் என்னென்ன வரும்? பிளேட்டோ, அரிஸ்டாட்டில் தொடங்கி ஹாப்ஸ், ரூசோ, மார்க்ஸ் வரை மேற்கின் சிந்தனையாளர்கள். கௌடில்யர், காந்தி, அம்பேத்கர், பெரியார். இந்திய அரசமைப்புச் சட்டம். பிற நாட்டு அரசு முறைகள், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம். பெயர்கள் மலைப்பாக இருக்கும். ஒரு சின்னக் கணக்கைப் பார். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 சதவீத வாக்கு வாங்கி 39 தொகுதிகளில் 37ஐ வென்றது. திமுக ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. அந்த வாக்குகளெல்லாம் எங்கே போயின? 1978 அரசமைப்புக்குப் பிறகு இலங்கை ஏற்றுக்கொண்ட, வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை இங்கே இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும்? அந்த முறையில் வரும் சிக்கல்கள் என்ன? இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் வகுப்பில் தூங்கியவரே கிடையாது.

இனி உன் அப்பா. அவர் மேல் வருத்தப்படாதே. கட்சியில் சேர்வது ஒரு குற்றமும் இல்லை. நல்லவர்கள் சேராமல் போனால் நட்டம் நமக்குத்தான். ஆனால் அவர் பயம் கொடியைப் பற்றியது அல்ல என்று நினைக்கிறேன். பெண் மூன்று வருடம் படித்து முடித்துவிட்டுச் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம் அது. அது நியாயமான பயம். அதற்குப் பதிலாக லட்சியம் பேசாதே; கணக்கைச் சொல். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். பொறியியல் படிப்புக்காக அவர் வாங்க நினைத்திருக்கும் கடனை வாங்க வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் எந்தெந்த வழிகள் உண்டு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டு.

அந்தத் தாளில் முதல் வரியாக ஐஏஎஸ் என்று மட்டும் எழுதாதே. இதில் உன் சித்தப்பாவோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. 2023ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். இறுதிப் பட்டியலில் வந்தவர்கள் 1,016 பேர். அதில் ஐஏஎஸ் இடங்கள் 180. அந்தத் தேர்வை எழுத எந்தப் பட்டமும் போதும். விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலையும் பன்னாட்டு உறவுகளையும் எடுத்தால் 500 மதிப்பெண்ணுக்கு உன் படிப்பு உதவும். பொது அறிவுத் தாள்களில் ஒன்று ஏறக்குறைய முழுவதும் நம் பாடம். உதவி அவ்வளவுதான். தேர்வுக்காகவே இங்கே வந்த எத்தனையோ பிள்ளைகள், முதல் நாளிலிருந்து பயிற்சி மையத்தின் குறிப்பேட்டைப் படித்துக்கொண்டு, கல்லூரி நூலகத்தின் வாசலை மிதிக்காமலே போனார்கள். தேர்வும் கைகூடாமல், பாடமும் தெரியாமல் இருபத்தேழு வயதில் என் முன் வந்து நின்ற முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. எழுத விரும்பினால் எழுது. மூன்று ஆண்டையும் அதன் காலடியில் வைத்துவிடாதே.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தின் பெயரைப் பார்த்து வேலை கொடுக்கும் நிறுவனங்கள் அதிகம் இல்லை. பெரும்பாலும் இது இன்னொரு படிக்கட்டோடு சேர்ந்தே பலன் தரும். பி.ஏ. முடித்து மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். இதழியல் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகள் எந்தப் பட்டதாரிக்கும் திறந்திருக்கின்றன. அவற்றின் அரசியலமைப்புப் பகுதி உனக்குப் பழகியதாக இருக்கும். எம்.ஏ. முடித்து, நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி கிடைக்கும். பள்ளி ஆசிரியையாக ஆசையிருந்தால், நம் பாடம் உள்ள மேல்நிலைப் பள்ளிகளே குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடு. என்னிடம் படித்தவர்களில் முன்னுக்கு வந்தவர்களுக்கு ஒரு பொதுக்குணம் இருந்தது: எழுதத் தெரிந்திருந்தது, எண்களைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தார்கள். நீ அறிவியல் பிரிவுக்காரி. கணக்கு தெரியும். அதை விட்டுவிடாதே. துணைப்பாடமாகப் பொருளியலோ புள்ளியியலோ கிடைத்தால் எடுத்துக்கொள்.

எங்கே படிப்பது? சென்னையில் மாநிலக் கல்லூரியிலும், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலும் இந்தத் துறைகள் நீண்ட காலமாக இருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 13 மொழிகளில் நடக்கும் அதைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அங்கே பாடம் தமிழில் நடக்காது. பலர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர வேண்டும் என்று எனக்கு எழுதுகிறார்கள். அங்கே இந்தப் பாடம் எம்.ஏ.விலிருந்துதான். அதை மூன்று ஆண்டு கழித்து நினைத்துக்கொள்ளலாம்.

பெயரைவிட முக்கியமான ஒன்று உண்டு. சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு ஒருநாள் போ. இரண்டாமாண்டு மாணவிகளிடம் கேள்: ஆசிரியர்கள் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிறார்களா, புத்தகத்தைப் படிக்கச் சொல்கிறார்களா? நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிறார்களா? நான் பி.ஏ. படித்த கல்லூரியில் மூன்று ஆண்டும் கைடில் உள்ளதைத்தான் வாசித்தார்கள். ரூசோ எழுதிய ஒரு வரியைக்கூடப் படிக்காமல் ரூசோவைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதி முதல் வகுப்பு வாங்கினேன். எம்.ஏ.வுக்குப் போன பிறகு, இழந்ததைப் பிடிக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

ஆங்கிலம் அடுத்த தடை. நானும் தமிழ்வழியில் படித்தவள்தான். தமிழில் நல்ல நூல்கள் குறைவு. இந்தக் குறைக்கு என் தலைமுறை ஆசிரியர்களும் பொறுப்பு. அரசமைப்புச் சட்டத்தின் தமிழ் வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு பிரிவு படி. மத்திய, மாநில அரசுகளின் அதிகாரங்களைப் பட்டியலிட்டுப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையிலிருந்து தொடங்கு. கல்வி எந்தப் பட்டியலில் இருந்தது, 1976இல் 42ஆவது திருத்தத்தில் எந்தப் பட்டியலுக்குப் போனது என்று பார். உன் வகுப்புத் தோழிகள் எழுதும் நீட் தேர்வைப் பற்றிய சண்டைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு உனக்கே புலப்படும்.

பொதுத்தேர்வு முடிந்ததும் இரண்டு காரியம் செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் போய் வா. ஏரி வாரியத்தையும், கணக்குக் காட்டாதவரின் கதியையும் பற்றி நீயே அவருக்குச் சொல். பிறகு, அம்மாவின் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிடு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இன்ன ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது, தூர்வார எந்தத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினார்கள், பணம் யாருக்கு எந்தத் தேதியில் போனது என்று மூன்றே கேள்வி கேள். ஏரி அவர்களுடையது இல்லையென்றால், உரிய துறைக்கு மனுவை அனுப்பிவைப்பது அவர்கள் கடமை. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.