நூறு வரை ஒப்பிக்கிறான், ஏழு எடுக்கத் தெரியவில்லை

கேள்வி: மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. நூறு வரை கடகடவெனச் சொல்கிறான். ஏழு தம்ளர் எடுத்து வா என்றால் கைக்கு வந்ததை அள்ளி வருகிறான். ‘கணக்கில் வீக்’ என்கிறார் டீச்சர். பள்ளியில் அறிமுகமான ஒருவர் 18,000 ரூபாய்க்கு ‘மூளை வளர்ச்சி கிட்’ தருகிறாராம், மாதத் தவணை. வாங்கலாமா? வீட்டில் விளையாடியே சொல்லித்தர முடியுமா?

பதில்: வாங்காதீர்கள். மகனுக்குத் தெரிந்தது பாட்டு, எண்ணிக்கை அல்ல. இந்த வயதில் அது குறையும் அல்ல. ஐந்து புளியங்கொட்டையை எண்ணச் சொல்லி, முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். நூறு வரை நோட்டில் எழுதவைப்பதால் அது வராது. மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியே கற்பிக்க வேண்டும் என்று 2020 கல்விக் கொள்கையே சொல்கிறது. வீட்டுப்பாட டைரியைப் பார்த்தால் அப்படித் தெரிகிறதா?

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துக் கட்டங்களை ஒரே வரிசையில் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். பகடை வேண்டாம், ஆறு அவனுக்கு அதிகம். ஒரு புளியங்கொட்டையைச் சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேயுங்கள். வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. நான்கில் இருக்கும்போது இரண்டு விழுந்தால், காயை நகர்த்தியபடி ‘அஞ்சு, ஆறு’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஒண்ணு, ரெண்டு’ என்றால் கட்டத்திலுள்ள எண் கண்ணிலேயே படாது, விளையாட்டில் பாதிப் பலன் போய்விடும். தப்பாக நகர்த்தினால் அவன் கையைப் பிடித்து நீங்கள் நகர்த்தாதீர்கள். பழைய கட்டத்துக்குத் திரும்பி மறுபடி எண்ணட்டும்.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இத்தகைய பத்துக்கட்ட விளையாட்டைத்தான் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். சுமார் கால் மணி நேரமாக நான்கு தடவை ஆடியதிலேயே எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட கட்டத்தில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. பரமபதம் இப்போது வேண்டாம். வரிசைக்கு வரிசை திசை மாறும், குழம்புவான்.

அடுத்தது பல்லாங்குழி. பதினான்கு குழி அவனுக்குத் தாங்காது. சாக்பீஸால் ஆளுக்கு மூன்று வட்டம், வட்டத்துக்கு மூன்று கொட்டை போதும். ஒரு வட்டத்தில் இரண்டைப் போடுவான், ஒன்றைத் தாண்டுவான். ஒன்றுக்கு ஒன்று என்ற பழக்கம் அங்கேதான் படிய வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். நான்கு சேர்ந்ததும் ‘பசு!’ என்று முதலில் சொல்பவர் எடுத்துக்கொள்ளட்டும். கொஞ்ச நாளில் எண்ணாமலே, பார்த்ததும் நான்கைச் சொல்வான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் புளியங்கொட்டை, சோழி, வேர்க்கடலை எதுவும் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். ‘நான் பக்கத்திலேயே இருக்கிறேன்’ என்பதும் போதாது. ஆட்டம் முடிந்து அலமாரிக்கடியில் உருண்டு கிடக்கும் ஒரு கொட்டையைத்தான் சின்னது மறுநாள் எடுக்கும். ஏறத்தாழ மூன்றேகால் சென்டிமீட்டர் அகல வட்டத்துக்குள் நுழையும் எந்தப் பொருளும் ஆபத்து. தண்ணீர் பாட்டில் மூடியும் அதில் அடங்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஸ்பூனையோ சின்னத் தம்ளரையோ காயாக வையுங்கள்.

இனி அந்தத் தவணைக்காரர். பெரும்பாலும் ‘தவணை’ என்பது உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். பிள்ளை பெட்டியைத் தொடாவிட்டாலும் கடன் ஓடும். கண்ணைக் கட்டிப் படிக்கவைப்போம் என்று காட்டினால் அது மூக்கோர இடுக்கு வழியே பார்க்கும் வித்தை. ‘டெமோவுக்கு மட்டும்’ என்று ஆதார், பான், ஓ.டி.பி. கேட்டால் தராதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரத்து செய்யச் சொல்லி விற்றவருக்கும் கடன் நிறுவனத்துக்கும் இன்றே எழுத்தில் அனுப்புங்கள், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கியில் நிறுத்தச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.