தலையை வலப்பக்கம் திருப்பினால் கழுத்தின் இடப்பக்கத் தசை புடைப்பது ஏன்? தலை, கழுத்து, உடற்பகுதித் தசைகளை மனப்பாடம் செய்யாமல் படிக்க முடியுமா?

முடியும். முதலில் பாடநூலின் தசை அட்டவணையை மூடி வையுங்கள். ஒரு தசை எங்கே தொடங்கி எங்கே போய் ஒட்டுகிறது என்பதை உங்கள் உடம்பிலேயே விரலால் தடவிப் பார்த்தால், அது என்ன வேலை செய்யும் என்பது பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும்.

நீங்கள் கேட்ட தசையையே எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. மார்பெலும்பின் உச்சியிலும் காரை எலும்பின் உட்பகுதியிலும் தொடங்கி, சாய்வாக மேலேறி, காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டில் ஒட்டுகிறது. இடப்பக்கத் தசை சுருங்கினால் அந்த மேட்டை முன்னோக்கி இழுக்கும். இடது காது முன்னால் வந்தால் முகம் வலப்பக்கம்தானே திரும்பியாக வேண்டும்? கூடவே தலை இடது தோள் பக்கம் சாயும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தத் தசை ஒரு பக்கம் குறுகியிருக்கும். தலை இடப்பக்கம் சாய்ந்து, மோவாய் வலப்பக்கம் பார்த்தபடி இருந்தால் கோளாறு இடப்பக்கத் தசையில் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து சுருங்கினால் கழுத்து முன்னால் வளையும். மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வயிறும் இறுகும், கவனித்தீர்களா? தலையைத் தூக்க மார்புக்கூடு அசையாமல் நிற்க வேண்டும், அதை வயிற்றின் முன்பக்கம் நெடுக ஓடும் ரெக்டஸ் அப்டாமினிஸ் தசை பிடித்துக்கொள்கிறது. வயிற்றுவலி உள்ளே இருந்து வருகிறதா, வயிற்றுச் சுவர்த் தசையில் இருந்தா என்று பார்க்க மருத்துவர்கள் தலையைத் தூக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பது இதனால்தான்.

வயிற்றின் பக்கவாட்டில் சாய்வாக ஓடும் தசைகள் இரண்டு: வெளியே எக்ஸ்டர்னல் ஆப்ளிக், அதற்கு உள்ளே இன்டர்னல் ஆப்ளிக். உடம்பை இடப்பக்கம் முறுக்க வலது எக்ஸ்டர்னலும் இடது இன்டர்னலும் ஜோடியாக வேலை செய்யும். எக்ஸ்டர்னலின் இழைகள், சட்டைப் பைக்குள் அல்ல, பேன்ட் பைக்குள் கைவிடும் திசையில் ஓடும். அது போதும்.

முகத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். பல்லைக் கடித்தபடி தாடைக் கோணத்திலும் நெற்றிப்பொட்டிலும் விரல் வைத்தால் மாசெட்டரும் டெம்பொராலிஸும் திமிறுவது தெரியும். இவை மெல்லும் தசைகள், இவற்றை இயக்குவது 5-ஆவது மண்டை நரம்பு. கன்னத்தில் இருக்கும் பக்சினேட்டர் மெல்லும்போது உணவைப் பற்களுக்கு நடுவில் தள்ளி வைக்கிறது, ஆனால் அது முகபாவத் தசைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது, அதை இயக்குவது 7-ஆவது மண்டை நரம்பு. அதனால்தான் பெல்ஸ் பால்ஸி (7-ஆவது நரம்பு செயலிழந்து முகத்தின் ஒரு பக்கம் வாதமாவது) வந்தவருக்குக் கடிக்கும் பலம் அப்படியே இருந்தும் சோறு கன்னத்தில் ஒதுங்கிவிடுகிறது. இதை ஒருமுறை நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் அப்புறம் மறக்கவே மறக்காது.

தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிடக்கிறது, ஆனால் நரம்பு வருவதோ கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆவது நரம்புகளிலிருந்து, ஏனென்றால் கருவில் அது உருவாகத் தொடங்குவது கழுத்துப் பக்கத்தில். கீழே இறங்கும்போது நரம்பையும் இழுத்துக்கொண்டே வருகிறது. இந்த மூன்று எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலே முழுமையாக அடிபட்டால் நோயாளியால் தானாக மூச்சு விட முடியாது, வென்டிலேட்டர் வேண்டும்.