தாளவாடி பள்ளியில் ஃபெட் மின்சுற்று திறக்கவில்லை என்றால்

பள்ளிக்கூடத்துல ஃபெட் மின்சுற்று திறக்கலைன்னு கேட்டீங்க. ஃபெட் (PhET)ங்கிறது கணினியிலயே அறிவியல் சோதனை செஞ்சு பாக்கற இணையதளம். அதுல இருக்கிற மின்சுற்றுச் சோதனை நெட் இல்லாமலே ஓடுமுங்க டீச்சர். சத்தியமங்கலத்துக்கு இறங்கறப்ப ஃபெட் தளத்துல மின்சுற்றுப் பக்கத்தைத் திறந்து, டவுன்லோட் அம்புக்குறியை அழுத்தி பென்டிரைவ்ல ஏத்திக்குங்க. பள்ளிக்கூடத்துல குரோம்ல திறந்தாப் போதும். ஃபெட், அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகம் 2002ல தொடங்கினது, காசு கிடையாது.

பக்கம் சுத்தீட்டே நிக்குதுன்னீங்க. மலைமேல சிக்னல் பத்தாததுதான் காரணமா இருக்கும். இறக்கின ஃபைலும் திறக்கலைன்னா பேரோட கடைசியைப் பாருங்க. ஜார் (.jar)னு இருந்தா பழைய ஜாவா வகை, அது வேண்டாம். எச்டிஎம்எல் (.html)னு முடியறதை எடுங்க.

தமிழ் வேணும்னா மொழிபெயர்ப்புப் பட்டியல்ல தேடுங்க. எல்லாத்துக்கும் தமிழ் இல்லீங்க. இருக்கிறதுலயும் கலைச்சொல் நம்ம பாடநூலோட ஒத்துப்போகாம இருக்கலாம், வகுப்புக்கு முன்னாடி ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க. பேட்டரியைக் கூட்டக் கூட்ட பல்பு பளிச்சுன்னு எரியறதை உங்க புள்ளைங்க கட்டாயம் பாக்கோணுமுங்க.