தோற்ற வக்கீல் எப்படி வீரர்?

கேள்வி: 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் அட்டிகஸ் ஃபின்ச்சைத் தைரியசாலி என்று போன இதழில் புகழ்ந்திருந்தீர்கள். அவர் கோர்ட் நியமித்த வக்கீல்தானே? கேஸிலும் தோற்றார். எங்கள் ஊர் வக்கீல் விஜயராகவாச்சாரியார் 1882 சேலம் கலவர வழக்கில் தண்டனை பெற்றும், விடாமல் வழக்காடி ஜெயித்தவர். அவரல்லவா வீரர்?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: விஜயராகவாச்சாரியார் வீரர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் எதிர்த்தது தன் தலையில் விழுந்த பத்தாண்டுச் சிறைத் தண்டனையை. அட்டிகஸுக்கு அந்த நெருக்கடி இல்லை. 1930-களின் அலபாமாவில், வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்ப்பழி சுமந்த கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சன். அவருக்காக ஒப்புக்கு நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அட்டிகஸை ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது. மனுஷன் நிஜமாகவே வாதாடப் போகிறார் என்று தெரிந்ததும்தான் ஊருக்குப் பொறுக்கவில்லை. கேஸ் கட்டை முழுக்கப் படித்துவிட்டு வரும் சட்ட உதவி வக்கீலுக்கும், வாய்தா வாங்க மட்டும் எழுந்து நிற்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் ஊர்க் கோர்ட்டு வராந்தாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஏன் இந்த வம்பு என்று மகள் ஸ்கவுட் கேட்கிறாள். இந்தக் கேஸை எடுக்காவிட்டால், 'இதைச் செய்யாதே' என்று உன்னிடம் சொல்லும் தகுதிகூட எனக்கு இருக்காது என்கிறார் அப்பா. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான், கோர்ட்டு வசனத்தில் அல்ல.

தெருவில் வந்த வெறிநாயை அவர் ஒரே குண்டில் சாய்க்கிறார். அப்பா இவ்வளவு குறி தவறாதவரா என்று பிள்ளைகள் பூரித்துப் போகிறார்கள். அந்தப் பெருமையை அவர் வளரவிடவில்லை. பிற்பாடு அதே தெருவில், அவரையே கண்டபடி ஏசும் டுபோஸ் கிழவியின் பூச்செடிகளை மகன் ஜெம் வெட்டிப் போட, தண்டனையாகத் தினமும் போய் அவளுக்குப் புத்தகம் படித்துக் காட்ட வேண்டியதாகிறது. அலாரம் அடித்தால்தான் வீட்டுக்குப் போகலாம். அந்த அலாரமோ நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது. கிழவி செத்த பிறகுதான் அப்பா சொல்கிறார்: வலிக்காகப் பழகிய மார்ஃபின் பழக்கத்தை, சாவதற்குள் விட்டுவிட அவள் போராடிக்கொண்டிருந்தாள், அலாரம் தள்ளிப் போனது அதற்காகத்தான். தைரியம் துப்பாக்கியில் இல்லை, தோற்போம் என்று தெரிந்தும் இறங்கி, கடைசிவரை நிற்பதில் இருக்கிறது.

இது கதைப் புத்தகத்தோடு முடிந்த பேச்சும் அல்ல. கோயம்புத்தூரில் சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தீர்ப்பில் எடுத்துக்காட்டியது இதே அட்டிகஸைத்தான்.

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன்: அவர் ஒருவரையே புகழ்ந்துகொண்டிருப்பது சரியில்லை. கூண்டில் நின்ற டாம், அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டுத்தான் உதவப் போனேன் என்று உண்மையைச் சொன்னார். வெள்ளைக்காரப் பெண்மேல் ஒரு கறுப்பர் இரக்கப்படுவதாவது! அரசு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். அட்டிகஸ் தோற்றால் வீட்டுக்குப் போகலாம், டாம் போக முடியாது. அதனால் அந்தக் கோர்ட்டில் பெரிய வீரர் யார் என்று கேட்டிருந்தால், நான் டாம் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.