ஐரிஷ் விடுதலைப் போராட்டத்தில் உங்கள் மனதில் நிற்கும் தெருச் சண்டை எது? ஏன்?

மவுண்ட் ஸ்ட்ரீட் பாலச் சண்டை. 1916 ஏப்ரல் 26, புதன்கிழமை, டப்ளின்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அந்த வாரம் நடந்த ஈஸ்டர் எழுச்சி என்றாலே எல்லோரும் தலைமைத் தபால் நிலையத்தைத்தான் சொல்வார்கள். எழுச்சித் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தது அங்கேதான். நியாயம்தான். ஆனால் நான் வேலை பார்ப்பது கிராண்ட் கால்வாய்ப் பக்கம். அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நடந்ததா என்று தோன்றும். அதனால் இந்தச் சண்டையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தென்கிழக்கிலிருந்து நகருக்குள் வரும் நார்தம்பர்லாண்ட் ரோடு நேராக வந்து கால்வாய்ப் பாலத்தில் ஏறுகிறது. ஹாடிங்டன் ரோடு சந்திக்கும் முனையில் 25-ஆம் எண் வீடு. அதைத் தாண்டினால் ஒரு தேவாலயக் கூடம், எதிரே ஒரு பள்ளிக்கூடம். பாலத்துக்கு அந்தப் பக்கம், சாலையைப் பார்த்தபடி கிளான்வில்லியம் ஹவுஸ். போலண்ட்ஸ் பேக்கரியைப் பிடித்து வைத்திருந்த எழுச்சித் தளபதி டி வலேராவின் படைப்பிரிவிலிருந்து வந்த ஐரிஷ் தொண்டர் படையினர் மொத்தம் 17 பேர் இந்த நான்கு கட்டடங்களிலும் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். 25-இல் இருந்தது நான்கு பேர். அதில் இரண்டு பேர் சிறுவர்கள் என்று சொல்லி லெஃப்டினன்ட் மைக்கேல் மலோன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் அவரும் ஜேம்ஸ் கிரேஸும் மட்டும்.

எழுச்சியை அடக்க வந்தவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் ரெஜிமெண்ட். நாட்டிங்ஹாம், டெர்பி பக்கத்துப் பையன்கள். பலருக்கு மூன்று மாதப் பயிற்சிகூட முழுதாக ஆகவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கப்பலில் இருந்து இறங்கியதும் பிரான்ஸுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து, வழியில் பார்த்த பெண்களுக்குப் பிரெஞ்சில் வணக்கம் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அவசரத்தில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளை லிவர்பூலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வழியெல்லாம் மக்கள் டீயும் ரொட்டியும் கொடுத்து வரவேற்றார்கள். ஆமாம், டப்ளின் மக்கள்தான். எழுச்சி நடந்த அந்த வாரத்தில் ஊரில் பெரும்பாலோர் கிளர்ச்சியாளர்கள் பக்கம் இல்லை. அந்தக் கோபத்துக்கு இதே தெருவிலும் ஒரு காரணம் இருந்தது. திங்கட்கிழமை பயிற்சி முடிந்து இந்த வழியாகத் திரும்பிய வயதான தன்னார்வ ரிசர்வ் படையினர் மீது தொண்டர்கள் சுட்டுவிட்டார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை. இறந்தவர்களில் ஒருவர் ஐரிஷ் ரக்பி சங்கத் தலைவர் ஃபிரான்சிஸ் பிரவுனிங். வீரக் கதையாகச் சொல்லும்போது பலர் இந்தத் திங்கட்கிழமையை நைசாகத் தாண்டிவிடுவார்கள்.

புதன் மதியம் படை 25-ஆம் எண் வீட்டு முனைக்கு வந்ததும் முதல் தோட்டாக்கள் வந்தன. சில நிமிடங்களில் சாலை முழுக்க விழுந்து கிடந்தார்கள். எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆள் இருப்பதாக நினைத்து அதை நோக்கி ஓடினார்கள். அங்கிருந்த தொண்டர்கள் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். காலிக் கட்டடத்தைப் பிடிக்க ஓடியவர்களைக் கிளான்வில்லியம் ஹவுஸிலிருந்து ஜார்ஜ் ரெனால்ட்ஸின் ஆட்கள் சுட்டார்கள்.

இந்த நாளில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது சண்டையே அல்ல, ஓர் உத்தரவு. கால்வாய் நெடுக வேறு பாலங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே பேகட் ஸ்ட்ரீட் பாலம், அதில் காவலே இல்லை. இதே ரெஜிமெண்டின் இன்னொரு பாதி டானிபுரூக் வழியாகப் போய், பெரிய எதிர்ப்பு இல்லாமல் ஊருக்குள் சேர்ந்துவிட்டது. இவர்களும் சுற்றிப் போயிருக்கலாம். ஆனால் டப்ளினில் பிரிட்டிஷ் படையை நடத்திய ஜெனரல் லோ, என்ன விலை கொடுத்தாவது இந்தப் பாலத்தைப் பிடியுங்கள் என்றார். பிரிகேட் தளபதி மக்கோன்சி, இவ்வளவு பேரைப் பலி கொடுக்கும் அளவுக்கு நிலைமை முக்கியமா என்று திருப்பிக் கேட்டார். பதில் மாறவில்லை. விசில் ஊதுவார்கள், ஒரு வரிசை எழுந்து ஓடும், விழும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விசில். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ஒரு பெரிய படையையே நிறுத்தி வைத்தார்கள் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உண்மையில் பாதி, தொண்டர்களின் குறி. மறுபாதி, அந்த ஜெனரலின் பிடிவாதம். தொண்டர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. கிளான்வில்லியம் ஹவுஸில் கடைசியில் துப்பாக்கிகள் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டன. எதிரியின் குண்டுகளை வீணாக்க, தையல்காரர் பொம்மை ஒன்றை ஜன்னலில் நிறுத்தினார்கள். திரைச்சீலையிலும் சோபாவிலும் தீப்பிடித்தபோது சோடா பாட்டில்களை அடித்து அணைத்தார்கள்.

எல்ம் பார்க்கில் இருந்த குண்டுவீச்சுப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கையெறி குண்டுகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. மாலை ஐந்து மணி வாக்கில் 25-ஆம் எண் வீட்டின் கதவை உடைத்தார்கள். மாடிப்படியில் இறங்கி வந்த மலோன் அங்கேயே சுடப்பட்டார். கிரேஸ் கீழ்த்தள அடுக்களையில் ஒளிந்து தப்பி, சில நாள் கழித்துப் பிடிபட்டார். இருட்டுவதற்குள் கிளான்வில்லியம் ஹவுஸும் எரிந்தது. ரெனால்ட்ஸ், பேட்ரிக் டாயில், ரிச்சர்ட் மர்பி மூவரும் உள்ளேயே இறந்தார்கள். மிச்ச நால்வர் பின்பக்கமாகத் தப்பினார்கள். ராணுவம் தன் அறிக்கையில் காட்டிய கணக்கு, இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து 234. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இதைவிடக் குறைவு என்கிறார்கள். இணையத்தில் '240 பேர் கொல்லப்பட்டார்கள்' என்று எழுதுவது தவறு. காயம்பட்டவர்களையும் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

இரண்டு பேரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒருவர் கேப்டன் ஃபிரடெரிக் டீட்ரிக்சன். நாட்டிங்ஹாமில் வக்கீலாக இருந்தவர். ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் குண்டு போடுகின்றன என்று பயந்து மனைவியையும் குழந்தைகளையும் டப்ளினுக்கு அனுப்பி வைத்திருந்தார், பத்திரமாக இருக்கட்டும் என்று. படையோடு நடந்து வரும்போது சாலையோரத்தில் அவர்களைப் பார்த்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அன்றே நார்தம்பர்லாண்ட் ரோட்டில் செத்துப்போனார்.

இன்னொருவர் மலோனேதான். தச்சு வேலை பார்த்தவர். அவருடைய சொந்தச் சகோதரர் வில்லியம், முந்தின வருடம் மே மாதம் பெல்ஜியத்தில் இப்ர போர்முனையில், இதே பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில் செத்திருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு வருடத்துக்குள். ஒருவனுக்கு மட்டும் நாட்டில் பல காலம் விழா எடுத்தார்கள். அந்த உலகப் போரில் பிரிட்டனுக்காகச் செத்த ஐரிஷ்காரர்களைப் பற்றி அப்புறம் நெடுங்காலம் யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, சண்டைக்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து சர் பேட்ரிக் டன்ஸ் மருத்துவமனையிலிருந்து டாக்டர்களும் நர்சுகளும் பாலத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் அடிபட்டவர்களைத் தூக்கும் வரை இரு பக்கமும் சுடுவதை நிறுத்தினார்கள். லூயிசா நோலன் என்ற இளம் பெண் குண்டுகளுக்கு நடுவே தண்ணீர் கொண்டுபோனார். அதற்காக 1917-இல் அவருக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. அவர் காப்பாற்ற ஓடிய அதே ரெஜிமெண்டிலிருந்துதான் 1916 மே மாதம் டப்ளினின் கில்மைன்ஹாம் சிறையில் எழுச்சித் தலைவர்களைச் சுட ஆட்களை எடுத்தார்கள். நார்தம்பர்லாண்ட் ரோட்டில் நண்பர்களை இழந்த பையன்கள். அந்த மரண தண்டனைகள்தான் ரொட்டி கொடுத்து வரவேற்ற ஊரைத் தலைகீழாகத் திருப்பின.

இன்று பாலத்தின் ஓரம் தொண்டர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 25-ஆம் எண் வீட்டில் மலோனுக்கு ஒரு பலகை. சிப்பாய்களுக்கு அந்தத் தெருவில் எதுவும் இல்லை. எழுச்சியில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக 2016 மே மாதம் கிரேஞ்ச்கார்மன் ராணுவக் கல்லறையில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒருவர் இது அவமானம் என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினார். கனடா நாட்டுத் தூதர் கெவின் விக்கர்ஸ் எழுந்து போய் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிளாஸ்நெவின் கல்லறையில், அந்த வாரம் செத்த எல்லோருடைய பெயரையும், பொதுமக்கள், தொண்டர்கள், சிப்பாய்கள் என்று பிரிக்காமல் ஒரே சுவரில் செதுக்கி வைத்தார்கள். 2017-இல் அதன் மேல் பெயிண்டை ஊற்றினார்கள். 2020-இல் சம்மட்டியால் உடைத்தார்கள். கடைசியில் நிர்வாகமே அந்தச் சுவரைக் கைவிட்டுவிட்டது.

என்னைக் கேட்டால் அந்தச் சுவர் சரியான யோசனை. எதிர்த்தவர்கள் எல்லோரையும் வெறியர்கள் என்று ஒதுக்கவும் மாட்டேன். அடக்க வந்த ராணுவத்தையும் எதிர்த்து நின்றவர்களையும் ஒரே வரிசையில் வைப்பதா என்ற கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் செத்த 485 பேரில் பாதிக்கு மேல் பொதுமக்கள், அதில் 40 பேர் வரை குழந்தைகள். சம்மட்டி அவர்கள் பெயர் இருந்த சுவர் மேலும்தான் விழுந்தது.

டப்ளின் வந்தால் கிராண்ட் கனால் டாக் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். கிளான்வில்லியம் ஹவுஸைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது ஆபீஸ் கட்டடம்.