ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்ட அப்பா

சகோதரி, படுக்கையில் இயேசுவை ஏற்றுக்கொண்ட அப்பா ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்விட்டார், இரட்சிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். ‘விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்’ என்று உங்களுக்குக் காட்டப்பட்ட மாற்கு 16:16-ஐ முழுசாக வாசியுங்கள். ஆக்கினைக்குள்ளாவது, அதாவது தண்டனைத் தீர்ப்புப் பெறுவது, ‘விசுவாசியாதவன்’தான், ஞானஸ்நானம் பெறாதவன் என்று அங்கே இல்லை. ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு வீட்டில் (அப்போஸ்தலர் 10) பரிசுத்த ஆவி முதலில் இறங்கினார், தண்ணீர் அப்புறம்தான். அப்போஸ்தலர் 2:38-ஐ வைத்து, முழுக்கு இல்லாமல் மன்னிப்பில்லை என்று கற்பிக்கும் சபைகளும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஞானஸ்நானம் அவசியம் என்கிற கத்தோலிக்கத் திருச்சபையே, மனந்திரும்பி அதற்காகக் காத்திருந்து இறந்தவருக்கு அந்த விருப்பம் போதும் என்கிறது. 392-இல் ரோமப் பேரரசர் இரண்டாம் வாலந்தீனியன் இப்படித்தான், ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்து, இறந்தார். அவர் கேட்டார், அதனால் பெற்றுக்கொண்டார் என்றே மிலான் ஆயர் அம்புரோஸ் இரங்கல் உரையில் பேசினார்.