எண்ணெய் வழியும் முகமும் தேசிக்காய்ப் புளியும்

கேள்வி: எனக்கு வயது 24. யாழ். நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் முகம் கழுவிவிட்டு ஸ்கூட்டியில் வெளிக்கிட்டால், பத்து மணிக்குள் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியத் தொடங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன். இரசாயனப் பூச்சுகள் வேண்டாம் என்று எண்ணி, காணொளி ஒன்றில் பார்த்தபடி தேசிக்காய்ப் புளியில் அப்பச்சோடாவைக் கலந்து ஒரு மாதம் பூசினேன். முகம் எரிந்தது, இப்போது கன்னத்தில் கருந்திட்டுகள் தெரிகின்றன. நெற்றியின் மேலோரத்தில் சிறு பருக்களும் வருகின்றன. அம்மம்மா பயற்றம் மாவைப் போடச் சொல்கிறார். இயற்கையான முறையில் இந்த எண்ணெயை நிறுத்த என்ன வழி?
— வாசகி, கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

எதைப் பூசலாம் என்று பார்ப்பதற்கு முன், இன்றே நிறுத்த வேண்டியவை இரண்டு உள்ளன. ஒன்று தேசிக்காய்ப் புளியும் அப்பச்சோடாவும். மற்றது ஐந்து தடவை சவர்க்காரம் போடுவது. இவற்றை நிறுத்தினாலே உங்கள் முகத்தின் எரிச்சலில் பெரும்பகுதி சில வாரங்களில் தணிந்துவிடும்.

முகத்தில் வழியும் எண்ணெய் அழுக்கு அன்று. தோலினுள் மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் நெய்ச்சுரப்பிகள் சீபம் என்னும் நெய்ப்பொருளைச் சுரந்து மேலே அனுப்புகின்றன. நெற்றி, மூக்கு, நாடி ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால்தான் கன்னம் உலர்ந்திருக்கும்போதும் மூக்கு மினுங்குகிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை அந்திரோஜன் வகை ஓமோன்களும் பரம்பரையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன; நீங்கள் எத்தனை தடவை கழுவுகிறீர்கள் என்பது சுரப்பிக்குத் தெரியாது. ஆகவே, வீட்டில் அரைத்துப் பூசும் எதனாலும், அது வேப்பிலையானாலும் சந்தனமானாலும், எண்ணெய் சுரப்பதை நிறுத்திவிட முடியாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேலே வந்த எண்ணெயைத் தோலுக்கு நோகாமல் எடுத்து, அது துவாரங்களில் அடைபடாமல் பார்த்துக்கொள்வதே எங்களால் ஆகக்கூடியது. அதை ஒழுங்காகச் செய்தாலே காணக்கூடிய மாற்றம் வரும்.

தேசிக்காய் இயற்கையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 என்ற பி.எச். அளவில் மென்மையான அமிலத்தன்மையோடு இருக்க, தேசிக்காய்ப் புளியோ 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறது. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை நீங்கள் பாடசாலையில் படித்திருப்பீர்கள். அப்பச்சோடாவோ 8க்கு மேல், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் காரம். இரண்டையும் கலந்தால் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்குக் கழல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு காபனீரொட்சைட்டு வெளியேறுவதைத் தவிர அங்கே வேறொன்றும் நடப்பதில்லை. கை அளவில் கலக்கும்போது இரண்டில் எது மிஞ்சுகிறதோ அது தோலில் தங்கி எரிக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெயிலில் இருக்கிறது. தேசிக்காயில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருள்கள் உள்ளன; இவை படிந்த தோலில் சூரிய ஒளி பட்டால் அந்த இடம் சுட்டது போலாகி, பிறகு கறுத்து, மாதக்கணக்கில் மாறாமல் கிடக்கும். சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து நிற்கும் ஊரில், புளியைப் பூசிவிட்டு ஸ்கூட்டியில் போவது வலிந்து தேடிக்கொள்ளும் துன்பம். உங்கள் கன்னத்துத் திட்டுகள் இவ்வாறு வந்திருக்கலாம். எரிச்சலால் தோல் அழன்று, அதன் பின் கறுத்ததாகவும் இருக்கலாம். எதுவாயினும் செய்ய வேண்டியது ஒன்றே: அந்த இடத்தைத் தேய்க்காமல், வெயில் படாமல், பொறுமையாக விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் அம்மம்மா சொன்ன பயற்றம் மாவுக்கு வருவோம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எங்கள் கிணற்று நீரோடு தொடர்புடையது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கி வருவதால் அதில் கல்சியம் மிகுதி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். இந்த வன்னீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்காததோடு, நீரில் கரையாத படிவாக மாறித் தோலிலும் ஒட்டிக்கொள்கிறது. அதைப் போக்க மேலும் சவர்க்காரம் போட்டு மேலும் தேய்க்க, சவர்க்காரத்தின் காரத்தன்மையால் தோலின் மேலடுக்கு நலிந்து, ஒரே முகத்தில் எண்ணெயும் வழிந்து செதிலும் எழும்பும் நிலை வருகிறது. பயற்றம் மாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாத்துகள்கள் எண்ணெயை உறிஞ்சுகின்றன. பயற்றில் உள்ள சபோனின் என்ற பொருள் இலேசாக நுரைத்து, எண்ணெய் நீரோடு சேர்ந்து போக உதவுகிறது. பனம்பழத்திலும் இத்தகைய பொருள் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அரிதாகிப் போன நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பணியாரத்துக்கு வறுத்து இடித்து வைத்திருக்கும் மாவை எடுத்து முகத்தில் போடாதீர்கள். கோது நீக்கிய பயற்றை வறுக்காமல், கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து அரைக்க வேண்டும். அரைக்கும் இடத்தில்தான் கவனம் தேவை: மில்லில் கொடுத்தால் உங்களுக்கு முன்னர் யாரோ கறித்தூளுக்கு மிளகாய் அரைத்திருப்பார்கள், அதில் ஒரு சிட்டிகை கலந்தாலும் முகம் தாங்காது. வீட்டுக் கிறைண்டரையும் முதலில் ஒரு பிடி அரிசி போட்டு அரைத்துக் கொட்டித் துப்புரவாக்கிய பின்னரே பயற்றைப் போடுங்கள். அரைத்ததை மெல்லிய வேட்டித் துணியில் அரித்தெடுங்கள். குறுணி இருந்தால் அது தோலைக் கீறும். ஈரமில்லாத போத்தலில், இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்கை பட்டு மா கட்டிபிடித்தாலோ மணம் மாறினாலோ கொட்டிவிட வேண்டும்.

காலையில் ஒரு தடவை, வேலையால் வந்ததும் ஒரு தடவை, இவ்வளவே போதும். முகத்தை முதலில் வெறும் நீரால் நனைத்து, ஒரு தேக்கரண்டி மாவை உள்ளங்கையில் நீர் விட்டுக் கூழாக்கி, விரல் நுனிகளால் அரை நிமிடம் மெதுவாகப் பரப்பிவிட்டு நிறைய நீரால் கழுவுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மாவைப் பூசிக் காயவிட்டு, முகம் இழுக்கும் வரை காத்திருப்பது தேவையற்றது. கன்னத்தில் எரிச்சல் ஆறும்வரை நெற்றி, மூக்கு, நாடிக்கு மட்டும் மாவைப் பாவித்து, கன்னத்தை வெறும் நீரால் கழுவுவது நல்லது. மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைநீர் இருந்தால், கடைசியாக ஒரு செம்பு அந்த நீரை முகத்துக்கு விடுங்கள். வித்தியாசம் கைக்கே தெரியும்.

அலுவலகத்தில் பத்து மணிக்கு எண்ணெய் வழியும்போது எழுந்துபோய்க் கழுவாதீர்கள். மெல்லிய பருத்தி லேஞ்சியை மடித்து, நெற்றியிலும் மூக்கின் இரு பக்கத்திலும் அழுத்தி எடுத்தாலே போதும். எண்ணெயின் மேலேயே பவுடரை அப்புவதுதான் துவாரங்களை அடைக்கும் குறுக்குவழி. பவுடர் போடத்தான் வேண்டுமென்றால் ஒற்றி எடுத்த பிறகு மெல்லிதாகப் போடுங்கள்.

எண்ணெய்த் தோலுக்கு ஈரப்பூச்சு வேண்டாம் என்பது தவறான எண்ணம். எண்ணெயும் ஈரமும் வெவ்வேறு. உங்கள் வளவிலோ அயலிலோ கற்றாழை நிற்கும். அதன் மடலை வெட்டியவுடன் வழியும் மஞ்சள் பாலைத் தோலில் படவிடக் கூடாது, அது அரிப்பைத் தரும். வெட்டிய பக்கம் கீழே இருக்க, மடலைக் கால் மணி நேரம் ஒரு கோப்பையில் நிறுத்தி வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு கழுவி, தோலைச் சீவி, உள்ளே உள்ள தெளிந்த கூழை மட்டும் எடுங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்து, சிவக்காவிட்டால் மட்டும் முகத்துக்கு மெல்லிதாகப் பாவியுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

முல்தானி மட்டி கிழமைக்கு ஒரு தடவை போதும், அதுவும் வெடிக்குமளவுக்குக் காயுமுன் கழுவிவிட வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, பற்பசை, பனிக்கட்டி ஒத்தடம் ஆகியவற்றைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை, விட்டுவிடுங்கள்.

நெற்றியின் மேலோரத்துப் பருக்களுக்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வெயிலில் உருகி நெற்றிக்கு இறங்க, அதன் மேல் தலைக்கவசத்தின் பஞ்சு அழுத்த, வியர்வையும் சேர்ந்து அந்த இடத்தை அடைக்கின்றன. சோளகக் காற்றுக் காலத்தில் வீதிப் புழுதியும் இதில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வைப்பதை வேலைக்குப் போகும் காலையில் செய்யாமல், தலை முழுகுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். முழுகும்போது சீயாக்காயும் எண்ணெயும் முகத்தில் வழிந்திருக்கும் ஆதலால் முகத்தைக் கடைசியாகக் கழுவுங்கள். தலைக்கவசத்தின் உட்துணி கழற்றக்கூடியதாயின் கிழமைதோறும் தோயுங்கள்; இல்லாவிட்டால் மெல்லிய துணி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டு அணிந்து, அந்தத் துணியை நாள்தோறும் மாற்றுங்கள். தலையணை உறைக்கும் இது பொருந்தும்.

சாப்பாட்டில், வடையின் எண்ணெய் நேரே முகத்துக்கு வந்துவிடுவதில்லை. ஆனால் சீனியும் வெள்ளை மாவும் மிகுந்த உணவுக்கும் முகப்பருவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாணையும் இனிப்புத் தேநீரையும் குறைத்துக் குரக்கனுக்கும் ஒடியலுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்துப் பாருங்கள்.

‘இரசாயனம் வேண்டாம்’ என்ற உங்கள் உறுதியை ஓர் இடத்தில் மட்டும் தளர்த்தச் சொல்வேன். கருந்திட்டுகள் மேலும் கறுக்காமலிருக்க வெயில் தடுப்புப் பூச்சு வேண்டும். அதற்குச் சமையலறையில் மாற்று இல்லை. நாக ஒட்சைட்டு (சிங்க் ஒக்சைட்) கலந்த, எண்ணெய் சேராத, எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட பூச்சு ஒன்றை வாங்கிக் காலையில் பாவியுங்கள். இதற்கு மாறாக, சில நாளில் நிறம் தரும் என்று பெயர்விவரம் சரியாக இல்லாத டப்பாக்களில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களை, யார் தந்தாலும் தொடாதீர்கள். இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும், பீற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்தும் கலந்திருக்கும். ஸ்டீரொயிட் முதலில் முகத்தைப் பளபளப்பாக்கிக் காட்டிவிட்டு, பிறகு தோலை மெலியவைத்துப் பருக்களை அள்ளிக் கொட்டும்.

மேலே சொன்னவற்றை எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் மாற்றாமல் செய்யுங்கள். நாலு நாளைக்கு ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். இதற்கிடையில் பருக்கள் கட்டியாகி நொந்தாலோ, குழி விழுந்தாலோ, மாதவிடாய் ஒழுங்கு தவறி நாடியிலும் மேலுதட்டிலும் முடி வளர்ந்தாலோ, காத்திராமல் வைத்தியரிடம் போக வேண்டும். பின்னதற்குச் சூலகத்தில் ஓமோன் சிக்கல் காரணமாக இருக்கக்கூடும், அதை மாவாலும் கற்றாழையாலும் தீர்க்க முடியாது. யாழ். போதனா வைத்தியசாலையில் தோல்நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. போகும் நாளில் பவுடர் எதுவும் பூசாமல், இதுவரை பாவித்த கிறீம்களின் குழாய்களையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுசென்று காட்டுங்கள்; தேசிக்காய்ப் புளியும் அப்பச்சோடாவும் பூசியதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.